தண்டர்பேர்டுக்கு ஒரு கேம் ஷாஃப்ட்

நாமக்கல்லை ஒட்டிப் போகும் தேசிய நெடுஞ்சாலைக்கு இப்போது எண் 44. வடக்கே பிடித்தால் ஸ்ரீநகர், தெற்கே பிடித்தால் கன்னியாகுமரி. 2010ல் எண்களை மாற்றுவதற்கு முன்னால் அது ஏழாம் எண் சாலை. வாரணாசியில் தொடங்கிக் குமரியில் முடிந்தது. பழைய லாரி டிரைவர்கள் வாயில் இன்றைக்கும் அது ஏழுதான்.

இதில் வரும் அப்பா அப்படி ஒரு டிரைவர். முப்பது வருடம் அந்தச் சாலையில் லாரி ஓட்டியவர். நாக்பூர் வரைக்கும் எந்த ஊரில் டீ நன்றாக இருக்கும், எந்த மேட்டில் என்ஜின் சூடாகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டியரிங்கை விட்டுவிட்டார். மகன் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறான். செகண்ட் ஹேண்டில் 2013ஆம் வருடத்து தண்டர்பேர்டு 350 ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து அதே சாலையில் நாக்பூர் வரைக்கும் ஒருமுறை போய்வர வேண்டும் என்பது அவன் ஆசை. போக மட்டும் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல்.

அதற்கு ஒத்திகையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலைக்குக் கிளம்பினார்கள். சேந்தமங்கலம் தாண்டி காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வண்டியின் எடை ஏறக்குறைய 190 கிலோ. இரண்டு ஆட்கள், இரண்டு பெட்டி, ஒரு பை எல்லாம் சேர்த்து 350 கிலோவைத் தாண்டியிருக்கும். முப்பதாவது வளைவுக்கு மேல் வண்டி திணற ஆரம்பித்தது. நாற்பத்து இரண்டாவது வளைவில் இரண்டாம் கியரில் உதறி நின்றே விட்டது. அப்பா ஒன்றும் சொல்லாமல் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வளைவின் மேல் முனை வரைக்கும் நடந்தார். மகன் ஒற்றை ஆளாக வண்டியை ஏற்றிக்கொண்டு போய் அங்கே அவருக்காகக் காத்திருந்தான்.

அந்தக் காத்திருப்பில்தான் கேம் ஷாஃப்ட் மாற்றுவது என்று முடிவெடுத்தான்.

கேம் ஷாஃப்ட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு நாமக்கல்லில் விளக்குவது சுலபம். ஒரு முட்டையை நெட்டுவாக்கில் இரண்டாக வெட்டினால் என்ன வடிவம் வருமோ, கிட்டத்தட்ட அதுதான் கேம். அது சுற்றும்போது முட்டையின் கூர்முனை வால்வைத் தள்ளித் திறக்கிறது, உருண்டையான பக்கம் வரும்போது ஸ்பிரிங் வால்வை மூடிவிடுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. எவ்வளவு உயரம் திறக்கிறது என்பது லிஃப்ட். கிராங்க்கின் எத்தனை டிகிரிக்குத் திறந்தே இருக்கிறது என்பது டியூரேஷன். என்ஜின் மூச்சு விடும் தாளம் முழுக்க இந்த முட்டையில் இருக்கிறது.

போல்ட்-இன் கேம் என்பது, பழையதைக் கழற்றி அதே இடத்தில் மாட்டிவிடக் கூடியது. வால்வு ஸ்பிரிங், பிஸ்டன், ஹெட் எதையும் தொட வேண்டாம். புல்லட் குடும்பத்தில் இது ஆசை காட்டும் வேலை. பழைய காஸ்ட் அயர்ன் என்ஜினிலும் சரி, 2008ல் தண்டர்பேர்டில் இந்தியாவுக்கு வந்த யூ.சி.இ. என்ஜினிலும் சரி, இன்டேக்குக்கு ஒன்று, எக்ஸாஸ்ட்டுக்கு ஒன்று என இரண்டு கேம்கள் வலப்பக்கத்து மூடிக்குள் பல்சக்கரங்களோடு உட்கார்ந்திருக்கின்றன. அங்கிருந்து புஷ் ராட் வழியாக மேலே வால்வுக்குத் தகவல் போகிறது. என்ஜினைப் பிளக்க வேண்டியதில்லை. மூடியைத் திறந்து, குறிகளைச் சரியாகச் சேர்த்து மாட்டினால் போதும். (தண்டர்பேர்டுக்குப் பதிலாக 2020ல் வந்த மீட்டியார் 350ல் கேம் மேலே ஹெட்டுக்குப் போய்விட்டது. அந்தக் கதை வேறு.)

மகன் ஒரு மாதம் தேடினான். இங்கிலாந்தில் ஹிட்ச்காக்ஸ் போன்ற கடைகள் புல்லட்டுக்கென்றே பெர்ஃபாமன்ஸ் கேம்கள் விற்கின்றன. தபால் செலவு, சுங்கம் எல்லாம் கூட்டிப் பார்த்தால் அவனுடைய இரண்டு மாதச் சம்பளத்தைத் தொட்டது. நாக்பூருக்கு என்று சேர்த்த பணமும் ஏறக்குறைய அவ்வளவுதான். கேம் வாங்கினால் பயணம் அடுத்த வருடம். அப்பாவின் முதுகு அடுத்த வருடம் எப்படி இருக்குமோ.

ஆகவே தப்பான கேமை வாங்கிவிடக் கூடாது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பது குதிரைத்திறன் என்பதால் அதை மட்டும் பார்க்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டால் விஷயம் வேறு மாதிரித் தெரியும்.

தண்டர்பேர்டு 350க்கு கம்பெனி சொன்ன கணக்கு இது: 4000 ஆர்.பி.எம்மில் 28 நியூட்டன் மீட்டர் டார்க், 5250ல் 19.8 குதிரைத்திறன். டார்க் என்பது நம் ஊர் டிரைவர்கள் சொல்லும் இழுவை. அந்த 19.8 குதிரையைத் திருப்பிக் கணக்கிட்டால், 5250ல் இழுவை 26.9 நியூட்டன் மீட்டர். அதாவது 4000க்கு மேல் இழுவை குறையத் தொடங்கிவிட்டது. வேகமாகச் சுற்றுவதால் மட்டும் குதிரை ஏறுகிறது. இப்போது ஒரு கேம், 6200ல் 23 குதிரை தருவதாக வைத்துக்கொள்வோம். கேட்கவே நன்றாக இருக்கிறது. திருப்பிப் போட்டுப் பாருங்கள்: அங்கே இழுவை 26.4தான். புதிதாக எதுவும் பிறக்கவில்லை. இருந்த இழுவையே மேல் மாடிக்குக் குடி போயிருக்கிறது. வாடகையும் உண்டு. இந்த என்ஜினின் ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். 5250ல் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 15.75 மீட்டர். 6200ல் அது 18.6 மீட்டர். ஹைட்ராலிக் டாப்பெட்டும் ஸ்டாக் ஸ்பிரிங்கும் இருக்கிற, நிதானமாக ஓடுவதற்கென்று செய்த ஒற்றை சிலிண்டருக்கு அது பாரம்.

கீழ் மாடியில் என்ன நடக்கிறது என்பதுதான் இன்னும் முக்கியம். அங்கே பார்க்க வேண்டியது இன்டேக் வால்வு எப்போது மூடுகிறது என்பது. பிஸ்டன் அடிமட்டத்துக்குப் போய்த் திரும்பி ஏற ஆரம்பித்த பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். அதிக ஆர்.பி.எம்மில் காற்று ஓடிவரும் வேகத்தில் அப்போதும் உள்ளே நுழைந்துகொண்டிருக்கும் என்பதால் அது லாபம். குறைந்த ஆர்.பி.எம்மில் அந்த வேகம் இல்லை. வந்த காற்றைப் பிஸ்டன் வெளியே தள்ளிவிடும். 90 மி.மீ. ஸ்ட்ரோக்கில், அடிமட்டம் தாண்டி 50 டிகிரியில் வால்வு மூடினால் பிஸ்டன் அதற்குள் ஏறக்குறைய 13 மி.மீ. ஏறியிருக்கும். 70 டிகிரி வரை திறந்து வைத்தால் 24 மி.மீ.க்கும் மேல். ஸ்ட்ரோக்கில் கால்வாசிக்கு மேல் வீண். 8.5க்கு 1 என்று புத்தகத்தில் போட்டிருக்கும் கம்ப்ரஷன் முதல் கணக்கில் 7.4 அளவுக்கும், இரண்டாவதில் 6.5 அளவுக்கும் இறங்கிவிடும். இரண்டாவது மாதிரியான கேமை மாட்டிக்கொண்டு, சுமையோடு, 2000 ஆர்.பி.எம்மில் கொண்டை ஊசி வளைவில் திரும்பினால்? அப்பா முப்பதாவது வளைவிலேயே இறங்க வேண்டியிருக்கும்.

அதனால் டூரிங் வண்டிக்குக் கேம் தேடுகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எத்தனை குதிரை?' அல்ல. 'என் வண்டி எந்த ஆர்.பி.எம்மில் வாழ்கிறது?' என்பதே. மகன் அதை ஒரு நோட்டில் எழுதினான். பத்து நாள், ஆபீஸ் போகும்போதும், கரூர் வரை ஒருமுறை போய்வந்தபோதும், மீட்டரைப் பார்த்து எழுதினான். பெரும்பாலும் 2500க்கும் 4000க்கும் நடுவேதான் முள் நின்றது. மலையில் இன்னும் கீழே. ஐந்தாயிரத்தைத் தொட்டது மூன்றே முறை, மூன்றும் லாரியை முந்தும்போது. அந்த மூன்று முறைக்காக இரண்டு மாதச் சம்பளமா?

இந்த ஞானத்துக்கு நாமக்கல் மகன் முதல் ஆள் இல்லை. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் டூரிங் வண்டிக்காரர்கள் இதே பாடத்தைப் படித்தவர்கள். 1999 மாடலிலிருந்து வந்த ட்வின் கேம் என்ஜினில் கேம் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்ட ஒரு பிளாஸ்டிக் கட்டை. அது தேய்ந்து தூள் ஆயிலில் கலந்து தொல்லை கொடுத்தது. டூரிங் மாடல்களில் 2007ல்தான் ஹைட்ராலிக் டென்ஷனர் வந்தது. எப்படியும் மூடியைத் திறக்கிறோம், கேமையும் மாற்றிவிடலாம் என்று ஆயிரக்கணக்கானவர்கள் போல்ட்-இன் கேம் போட்டார்கள். அங்கே ஸ்டாக் ஸ்பிரிங்கோடு போகக்கூடிய லிஃப்ட் அரை அங்குலத்தை ஒட்டி நின்றுவிடும். அதைத் தாண்டினால் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும், அல்லது ஸ்பிரிங்கின் மேல் தட்டு வால்வு கைடில் இடிக்கும். பின்னால் ஆள், பெட்டி நிறையச் சாமான் என்று போகிறவர்கள் கடைசியில் தேர்ந்தெடுத்தது சீக்கிரம் மூடும் கேம்களைத்தான். பெரிய நம்பர் கேம் வாங்கி, சிக்னலில் வண்டி தடுமாறுகிறது என்று மறுபடி கழற்றியவர்களும் நிறைய.

நம்பர்களை ஒப்பிடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. வால்வு எப்போது 'திறந்தது' என்று கணக்கு வைப்பது? லேசாக அசைந்ததுமா, ஒரு மில்லிமீட்டர் எழும்பிய பிறகா? ஹார்லி உலகில் 0.053 அங்குலம் எழும்பிய பிறகு எண்ணத் தொடங்குவது வழக்கம். கார் உலகில் 0.050. வேறு சிலர் அசைந்ததிலிருந்தே எண்ணுவார்கள். ஒரே கேமுக்கு இந்த இரண்டு முறையிலும் டியூரேஷன் பல டிகிரி வேறுபடும். எந்த லிஃப்டில் அளந்தது என்று போடாத விளம்பரத்தை நம்பி இரண்டு கேம்களை ஒப்பிடுவது, படி ஒன்று லிட்டர் ஒன்று என்று பால் அளப்பது போல.

இதற்கிடையில் இன்னொரு குறுக்கு வழியும் தெரிந்தது. திருச்செங்கோடு பக்கம் போர்வெல் ரிக் வண்டிகளை நம்பி ஏகப்பட்ட லேத் பட்டறைகள் இருக்கின்றன. கிராங்க் கிரைண்டிங் செய்கிற ஒருவர், "ஸ்டாக் கேமையே தேய்ச்சுக் குடுத்துடலாந் தம்பி, செலவு கம்மி" என்றார். தேய்த்துத்தான் லிஃப்டை ஏற்ற முடியும் என்பது விசித்திரமாகத் தெரியலாம். கூர்முனையில் உலோகத்தைச் சேர்க்க முடியாது, ஆனால் உருண்டைப் பக்கத்தைச் சின்னதாக்கினால் வித்தியாசம் கூடும். அதில் இரண்டு வில்லங்கம். கேமின் மேல்பரப்பில் மட்டும் கெட்டிப்படுத்திய ஒரு தோல் இருக்கும், தேய்க்கத் தேய்க்க அது போய்விடும். அடுத்து, உருண்டை சிறுத்த அளவுக்கு டாப்பெட் கீழே இறங்கிவிடும். ஹைட்ராலிக் டாப்பெட் கொஞ்சத்தைத் தானே சரிசெய்யும், மிச்சத்துக்குப் புஷ் ராட் நீளத்தை மாற்ற வேண்டும். அதோடு இந்த என்ஜினின் எக்ஸாஸ்ட் கேமில், ஸ்டார்ட் செய்யும்போது கம்ப்ரஷனைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் ஒரு சின்ன அமைப்பும் உட்கார்ந்திருக்கிறது. அதைக் குழப்பினால் செல்ஃப் ஸ்டார்ட்டர் பக்கம் அடுத்த செலவு. அந்த லேத்காரர் கெட்டிக்காரர்தான், ஆனால் அவர் கை பழகியது ரிக் என்ஜினில்.

சட்டமும் ஒரு ஓரத்தில் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி சொன்ன விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. மூடிக்குள் இருக்கும் கேமை யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். புகைச் சோதனையில் என்ஜின் பேசிவிடும் என்பதையும் சேர்த்து யோசிப்பது நல்லது.

ஒருநாள் ராத்திரி அந்த நோட்டு அப்பா கையில் சிக்கியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"இதென்ன கண்ணு, வட்டிக் கணக்கா?"

"இல்லீங்கப்பா. வண்டி எந்த ஆர்.பி.எம்முல ஓடுதுன்னு எழுதி வெச்சது. மலை ஏற மாட்டேங்குதுல்ல, அதுக்குக் கேம் மாத்தணுங்க."

"புதுசுல ஏறுச்சா?"

மகன் யோசித்தான். வண்டியை விற்றவர் மனைவி, குழந்தையோடு ஏற்காடு போய்வந்ததாகச் சொன்னது ஞாபகம் வந்தது.

"ஏறியிருக்கும்போல."

"அப்ப முட்டை மாறலியே. வேற என்னமோதான மாறியிருக்குது? தொப்பூர் மேட்டுல வண்டி இழுக்காட்டி நாங்க இஞ்சினப் பிரிச்சதில்ல. மொதல்ல டீசல் பில்டரு, அப்பறம் காத்து பில்டரு, அப்பறம் கிளட்சு. அதுக்கப்பறந்தான் மேஸ்திரியக் கூப்புடுவோம்."

ஒரு மாதமாகப் படித்த டிகிரிகளும் மில்லிமீட்டர்களும் மகனுக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தப் படிப்பு வீண் என்று சொல்லிவிட முடியாது. அது இல்லையென்றால் 23 குதிரைக்குப் பணம் கட்டியிருப்பான்.

மறுநாள் புல்லட் மெக்கானிக் ஒருவரிடம் வண்டி போனது. கேமிலிருந்தே தொடங்கலாம் என்று மகன் கேட்டுக்கொண்டான், சந்தேகம் தீர வேண்டுமே. புஷ் ராட் மேல் டயல் கேஜ் வைத்துக் கிராங்க்கை மெதுவாகச் சுற்றி இரண்டு பக்கமும் லிஃப்டை அளந்தார்கள். தேய்மானம் சொல்லும்படியாக இல்லை. கம்ப்ரஷன் கேஜும் குறை சொல்லவில்லை. ஏர் ஃபில்டர் சாம்பல் பூத்துக் கிடந்தது, கோழித் தீவன லாரிகள் போகிற சாலையில் தினமும் ஓடுகிற வண்டி வேறு எப்படி இருக்கும். கார்புரேட்டரைத் திறந்தபோதுதான் ஆசாமி அகப்பட்டான்.

இந்த வண்டியில் இருப்பது வெற்றிடத்தால் இயங்கும் கார்புரேட்டர். ஆக்சிலேட்டரை முறுக்கினால் நேராக ஸ்லைடு ஏறாது. என்ஜின் உறிஞ்சும்போது மேலே இருக்கும் மெல்லிய ரப்பர் டயஃப்ரம் அதைத் தூக்கும். அந்த ரப்பரின் மடிப்பில் தலைமுடி அளவுக்கு ஒரு கிழிசல். வெற்றிடம் அதில் கசிந்துவிட, ஸ்லைடு பாதிக்கு மேல் ஏறவே இல்லை. சமதரையில் ஒற்றை ஆளாகப் போகும்போது பாதி திறப்பே போதும் என்பதால் இத்தனை நாள் தெரியவில்லை. 350 கிலோவோடு மலை ஏறியபோது தெரிந்துவிட்டது.

"இந்த ஓட்டையோட எந்தக் கேமப் போட்டிருந்தாலும் இதே கததான்" என்றார் மெக்கானிக்.

டயஃப்ரம் மாற்றினார்கள். ஏர் ஃபில்டர், பிளக் இரண்டு, கிளட்ச் கேபிள். செயினும் பல்சக்கரங்களும் எப்படியும் மாற்ற வேண்டிய நிலையில் இருந்ததால், முன் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைத்துப் போட்டுக்கொள்ளலாமா என்ற பேச்சு வந்தது. அப்படிச் செய்தால் பின் சக்கரத்துக்குப் போகும் இழுவை எல்லாக் கியரிலும் ஐந்தாறு சதவிகிதம் கூடும், அதே அளவுக்கு நெடுஞ்சாலையில் என்ஜின் கூடுதலாகச் சுற்றும். கேமுக்குப் பக்கத்தில் வைத்தால் இதன் விலை ஒன்றுமே இல்லை. மகன் போடலாம் என்றான். அப்பா வேண்டாம் என்றார். ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் சமதரைக்கு எழுபது வளைவுக்காக வண்டியைக் கத்த விடுவதா என்பது அவர் கட்சி. யோசித்தால் அதுவும் அதே கேள்விதான், வண்டி எங்கே வாழ்கிறது என்பது. பழைய அளவே போட்டார்கள்.

ஆடி பதினெட்டுக்கு முந்தின வாரம் மறுபடி காரவள்ளி. வல்வில் ஓரி விழாவுக்காக மேலே கொட்டகை போடும் சாமான்களை ஏற்றிக்கொண்டு முன்னால் ஒரு மினி லாரி ஊர்ந்தது. அதை முந்த இடம் இல்லை. இரண்டாம் கியரில், 2200ஐ ஒட்டி, அதன் பின்னாலேயே ஏறினார்கள். நாற்பத்து இரண்டாவது வளைவில் அப்பா பழக்கதோஷத்தில் காலை ஊன்றத் தயாராக இறக்கினார். வண்டி திரும்பி ஏறியது. காலை மேலே எடுத்து வைத்துக்கொண்டார்.

செம்மேட்டில் டீ குடிக்கும்போது, நாக்பூருக்கு முதல் நாள் எங்கே தங்குவது என்று பேச்சு வந்தது. பெங்களூருக்கு உள்ளே போகக் கூடாது என்று அப்பா சொல்ல, அங்கே ஒரு நண்பன் ரூம் இருக்கிறது என்று மகன் சொல்ல, டீ ஆறிப்போனது.